பழைய காரும் மூடிய கராஜும்

(ரூ பஜோலில் நடைபெற்ற வீட்டுப் பாதுகாப்புச் சந்திப்பில் தமிழ்க் குடியிருப்பாளர்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுப் பாதுகாப்பு என்ற தலைப்பில் பேச வந்தவர் அடுப்பைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை என்னிலும் நன்றாகச் சொல்ல வல்லோர் உள்ளனர். நான் வாகனம் திருத்தும் தொழிலைச் செய்பவன். ஆகையால், வாடகை கட்டுகிறோம் என்பதைத் தவிர வீட்டார் வேறெதுவும் அறியாத ஓர் இடத்தைப் பற்றியே பேசப்போகிறேன். அது கராஜ்.

ரூ பஜோலிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் குடியிருப்போரில் சொந்தமாகக் கராஜ் உடையவர் மிகச் சிலரே. ஆனால் நிலத்தின் கீழ் இரண்டாம் தளத்தில் ஒரு தரிப்பிடம் உடையவர்கள் இருக்கிறார்கள். ஓபர்வில்லியே, லாக்கூர்நெவ், பொபினி போன்ற புறநகர்களில் மாத வாடகைக்கு ஒரு பொக்ஸ் எடுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்தோடு வீடு வாங்கி, அதனோடு ஒட்டிய கராஜையும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேலை நடக்கிறது. பெரும்பாலும் அது எண்ணெய் மாற்றுவதும் பிரேக் கட்டை மாற்றுவதுமாகவே இருக்கும். எனினும் அண்மைக் காலமாக வேறொரு ஆர்வமும் நம்மவரிடையே வளர்ந்து வருகிறது. ஒரு பேஜோ 404ஐயோ ரெனோ 4ஐயோ தேடி வாங்கி, துருவைச் சுரண்டி, எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, புதுமெருகு கொடுக்கும் ஆர்வம் அது. இளைஞரில் சிலர் இன்னும் ஒரு படி மேலே செல்ல விரும்புகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களின் மேற்கூட்டை வெட்டித் தாழ்த்தி, வலிய எஞ்சினைப் பொருத்தி, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 'ஹொட் ரொட்' என்று பெயர் பெற்ற அந்த வகைக் கார்களைக் காணொளிகளில் கண்டு, தாமும் ஒன்றைச் செய்து பார்க்க எண்ணுகிறார்கள்.

இந்த ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கையால் ஒன்றைச் செய்து முடிப்பதில் ஒரு நிறைவு உண்டு. மேலும் இது நம் ஊரிலிருந்தே வந்த பழக்கம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1948இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த மொரிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவையும், பிறந்த நாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போன பின்னரும் நம் தெருக்களில் வாடகைக் கார்களாக ஓடின. 1990இல் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தபோது, அந்தக் கார்களை நம்மவர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். உதிரிப்பாகம் இல்லாதபோது பாகத்தையே கடைந்து எடுத்தார்கள். உலகில் எந்தப் பொறியியற் கல்லூரியும் கற்பிக்காத திறமை அது.

அந்தத் திறமையோடு நாம் இங்கு வந்தோம். ஆனால் அந்த வேலையைப் பாதுகாத்த சூழல் நம்முடன் வரவில்லை. அங்கே கராஜ் என்பது பெரும்பாலும் நான்கு கம்பமும் மேலே ஒரு தகரக் கூரையும்தான். சில வேளைகளில் மாமர நிழல் மட்டுமே. காற்று நாற்புறமும் வீசும். கையாண்டது பெரும்பாலும் மண்ணெண்ணெய். ஒருவர் காருக்குக் கீழே படுத்திருந்தால், சுற்றி நான்கு பேர் நின்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இங்கோ நான்கு பக்கமும் சீமெந்துச் சுவர், முன்னே இரும்புக் கதவு, கையில் பெற்றோல், பக்கத்தில் எவரும் இல்லை. அதே கை அதே செயலைத்தான் செய்கிறது. விளைவு மட்டும் வேறாகிறது. அது எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் காற்று. வெளியே குளிர், கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டார் சத்தம் என்கிறார்கள். எனவே கதவை மூடிவிட்டு, "தம்பி, ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பார்" என்கிறோம். காபரேற்றர் உள்ள எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு இருக்கிறது. 1986 ஒக்டோபருக்கு முன் பதிவான பெற்றோல் கார்களுக்கு, கொந்துரோல் தெக்னிக் பரிசோதனையில் புகையின் 4.5 சதவீதம் வரை அந்த வாயு இருக்கலாம் என்பது விதி. அதாவது, பரிசோதனையில் தேறிய காரும் அந்த அளவு நஞ்சை வெளியிடலாம். நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கருவி ஐரோப்பாவின் புதிய பெற்றோல் கார்களுக்குக் கட்டாயமானது 1993இல்தான். நாம் ஆசையோடு திருத்தும் கார்கள் அதற்கு முற்பட்டவை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வழக்கமான பொக்ஸ் ஒன்று 5 மீற்றர் நீளம், 2.5 மீற்றர் அகலம், 2.2 மீற்றர் உயரம் கொண்டது. கார் அடைக்கும் இடத்தைக் கழித்தால், உள்ளே இருப்பது ஏறத்தாழ 20,000 லீற்றர் காற்று. ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள சிறிய பழைய எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது, நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் காபனோரொட்சைட்டை வெளியிடும். பத்து நிமிடத்துக்குள்ளேயே அந்தக் காற்றில் அதன் பங்கு 0.16 சதவீதத்தைத் தாண்டிவிடும். அந்த அளவில் இருபது நிமிடத்தில் தலையிடியும் தலைச்சுற்றும் குமட்டலும் வரும். இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகும். எஞ்சின் நிற்காமல் ஓடினாலோ அந்த இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்காது. அரைமணி நேரத்துக்குள்ளேயே உயிராபத்து வந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை சோக் இழுத்து இயக்கினால் புகை இன்னும் மோசமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. புகை மணம் வந்தால் வெளியே போகலாம் என்று எண்ணியிருப்பவரை அது ஏமாற்றிவிடும். குருதியில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. அதனால் வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தாலும், குருதியில் உள்ள நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஒட்சிசன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேரத்துக்குள் நிகழும். 'கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று வீட்டுக்குப் போவது ஏன் தவறு என்பதற்கு இந்த எண்களே விளக்கம். பிரான்சில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3000 பேர் இவ்வாயுவால் நஞ்சூட்டப்படுகிறார்கள், நூறு பேரளவில் இறக்கிறார்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கேடு செய்தது வீட்டு வெப்பமூட்டிதான். ஆயினும் கராஜில் ஓடும் எஞ்சினும் மின்பிறப்பாக்கியும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன.

கதவைப் பாதி திறந்து வைத்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. எதிரே காற்று வெளியேற வழியில்லாவிட்டால், உள்ளே இருக்கும் காற்று அசையாது. எஞ்சினை இயக்க வேண்டுமானால், காரைத் தள்ளி வெளியே கொண்டுவந்து இயக்குங்கள். வேறு வழி இல்லை. நிலத்தடித் தரிப்பிடமானால், தெருவில் வாகனம் திருத்துவது சட்டப்படி கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அத்தகையோருக்கு ஏற்ற இடம் 'செல்ஃப் கராஜ்'. உயர்த்தும் மேடையையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் இத்தகைய இடங்கள் பாரிஸைச் சுற்றி உள்ளன. அங்கே புகையை உறிஞ்சும் குழாய் இருக்கும், உதவி கேட்க ஆளும் இருக்கும். கொடுக்கும் பணம் வீணாகாது.

வீட்டோடு ஒட்டிய கராஜ் உள்ளவர்களுக்கு ஒரு சொல். இந்த வாயு கதவிடுக்கு வழியாகவும் மாடிப்படி வழியாகவும் மேலே ஏறி, உறங்கும் பிள்ளைகளின் அறைக்கும் செல்லும். 2015 மார்ச் 8 முதல் ஒவ்வொரு வீட்டிலும் கட்டாயமாக்கப்பட்ட புகை உணர்கருவி இதைக் கண்டறியாது. காபனோரொட்சைட்டுக்கென்று தனிக் கருவி விற்கப்படுகிறது. அதன் மேல் 'என் 50291' என்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது எரிபொருள். நம்மவரின் கை மண்ணெண்ணெயோடு பழகிய கை என்று சொன்னேன். மண்ணெண்ணெயை 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால்தான், தீப்பொறியில் பற்றக்கூடிய அளவு ஆவி அதிலிருந்து எழும். ஆகவே யாழ்ப்பாணத்து வெயிலிலும் ஒரு கிண்ணம் மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களைப் போட்டுக் கழுவலாம். பக்கத்தில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெற்றோலுக்கு அந்த வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை. பாரிஸின் மிகக் கடுமையான சனவரி இரவிலும், திறந்து வைத்த பெற்றோலிலிருந்து பற்றத்தக்க ஆவி எழுந்துகொண்டே இருக்கும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே போதும். அதன் பின் தேவைப்படுவது ஒரு பொறி மட்டுமே.

மேலும், பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே எழுந்து கலையாமல் தரையோடு ஊர்ந்து, தாழ்ந்த இடத்தை நாடும். பழைய புறநகர் வீடுகளின் கராஜ்களில் காருக்குக் கீழே இறங்கி வேலை செய்யக் கிடங்கு இருக்கும். ஆவி அதற்குள்ளே போய்த் தேங்கும். அதற்குள்தான் நாமும் நிற்கிறோம். அதே கராஜின் மூலையில் வெந்நீர் வாயு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அல்லது ஆட்டிறைச்சியும் மீனும் வைத்த பெரிய குளிர்ப்பெட்டி இருக்கும். நம் வீடுகளில் அது இல்லாத கராஜ் உண்டா? அக்குளிர்ப்பெட்டி தானாக இயங்கத் தொடங்கும் கணத்தில் உள்ளே எழும் சிறு பொறியே போதுமானது.

கராஜ் தீவிபத்துகளில் அடிக்கடி காணப்படும் ஒன்று, கையில் பிடிக்கும் மின்குமிழ் விளக்கு. எரிபொருள் குழாயைக் கழற்றும்போது சிறிது பெற்றோல் ஒழுகுகிறது. கை வழுக்கி விளக்கு விழுகிறது. கண்ணாடி உடைந்து சூடான இழை பெற்றோலைத் தொடுகிறது. மின்னேற்றம் செய்யும் எல்.இ.டி. விளக்கின் விலை இருபது முப்பது யூரோதான். பழைய விளக்கை இன்றே குப்பையில் போடுங்கள். எரிபொருட் குழாயைத் தொடுமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். பாகங்களைப் பெற்றோலில் கழுவாதீர்கள். அதற்கென்று நீர் கலந்த கழுவுதிரவங்கள் கடையில் உள்ளன. பெற்றோலைக் குடிநீர்ப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிட்ட செய்திகள் நம் ஊரிலும் உண்டு, இங்கும் உண்டு.

குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விழுங்கிய பெற்றோலைவிட நுரையீரலுக்குள் போன பெற்றோலே அதிகக் கேடு செய்யும். தப்பித்தவறி உள்ளே போய்விட்டால் வாந்தி எடுக்க முயலாதீர்கள். வாந்தியில் அது மறுபடியும் நுரையீரலுக்குப் போகும். உப்புத் தண்ணீரும் வேண்டாம், பாலும் வேண்டாம். பாரிஸ் நச்சுமுறிப்பு மையத்துக்குத் தொலைபேசுங்கள். அது நமக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நாம் மரக்கறி வாங்கும் அதே ஃபோபூர் சென்-தெனித் தெருவின் 200ஆம் இலக்கத்தில், ஃபெர்னோன் விடால் மருத்துவமனையில் உள்ளது. 01 40 05 48 48 என்ற எண்ணில் இரவும் பகலும் விடை கிடைக்கும்.

பெற்றோல் தாங்கியை ஒட்டவைப்பது பற்றி ஒரே வார்த்தை: செய்யாதீர்கள். நிறைந்த தாங்கியைவிட வெறுமையான தாங்கியே ஆபத்தானது. வெறுமையாகத் தோன்றும் அதற்குள்தான் ஆவியும் காற்றும் கலந்திருக்கின்றன. மற்ற இடங்களில் வெல்டிங் செய்வோர், பிரேக் கழுவும் தெளிப்பான் தகரத்தின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். குளோரின் சேர்ந்த திரவம் பட்ட இரும்பை வெல்டிங் தீயில் காட்டினால் பொஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் படையினரைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு அது. வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு போகாதீர்கள். இருக்கைப் பஞ்சுக்குள்ளும் கம்பளத்துக்குக் கீழும் போன பொறி, ஒரு மணி நேரம் கழித்தும் தீயாகலாம். தொழிலகங்களில் வெல்டிங்குக்குப் பின் இரண்டு மணி நேரம் காவல் இருப்பது அதனால்தான்.

இனி, காரின் பாரம். மொரிஸ் மைனர் மிகச் சிறிய கார்தான். அதுவும் 750 கிலோவுக்கு மேல். ஜக் என்பது உயர்த்துவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்காக அது செய்யப்படவில்லை. எண்ணெயில் இயங்கும் ஜக்கில் ஒரு சிறு இறப்பர் வளையம் கிழிந்தால், கார் எந்த முன்னறிவிப்பும் இன்றி இறங்கும். ஊரில் மரக்குற்றியை அண்டக்கொடுத்தோம். மரக்குற்றி நசுங்கும்போது முறுகிச் சத்தம் போடும், விலகச் சற்று நேரம் கிடைக்கும். இங்கே கையில் அகப்படுவது உள்ளே ஓட்டை உள்ள சீமெந்துக் கல். அது சத்தம் போடாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூளாகிவிடும்.

வேண்டியது 'ஷாந்தெல்' எனப்படும் இரும்புத் தாங்கிகள். உதிரிப்பாகக் கடைகளில் சோடியாகக் கிடைக்கும். சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, நிலத்தில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்து, காரை உயர்த்தி, அடிச்சட்டத்தின் வலிய இடத்தில் தாங்கியை வைத்து, பாரத்தை அதன் மேல் இறக்குங்கள். பிறகு காரைக் கையால் நன்றாக உலுக்கிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்குக் கீழே படுக்க வையுங்கள். எல்லாம் தவறினாலும் உடலுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சக்கர அளவு இடைவெளி இருக்கும். துருப்பிடித்த பழைய காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலியது என்று நாம் நம்பும் இடமே உள்ளே உக்கிப் போயிருக்கலாம். ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்துவிட்டுத் தாங்கியை வையுங்கள்.

பற்றரி பற்றிப் பலரும் அறிந்த விதி, எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும் என்பது. பழைய ஆங்கிலேயக் கார்களை வாங்குவோர் இங்கே கவனிக்க வேண்டும். மொரிஸ் மைனர் போன்றவற்றில் நீண்ட காலம் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. விதியின் நோக்கத்தை அறிந்தால் குழப்பம் வராது. உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்றிவிட்டால், அதன் பின் ஸ்பனர் எங்கே பட்டாலும் பொறி எழாது. மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பற்றரி முனைக்கும் இரும்புக்கும் இடையில் மோதிரம் அகப்பட்டால், அது விரலைச் சுற்றி நெருப்பு வளையமாகிவிடும். மின்னேற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வெளிவரும், ஆகவே அதையும் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். கொதிக்கும் ரேடியேற்றரின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை எல்லோரும் அறிவர். இருந்தும் திறக்கிறார்கள். பழைய பிரேக் தூசியை ஊதித் துடைக்காதீர்கள். பிரான்சில் 1997 சனவரியில் தடை செய்யப்படும்வரை பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறியுங்கள்.

காரின் உருவை மாற்ற விரும்பும் இளைஞர்களுக்குச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுக்கு மேற்பட்டதும், மூலநிலையில் பெரிதும் மாறாததுமான காருக்கு, 'கொலெக்சியோன்' என்று குறிக்கப்பட்ட கார்த் கிறீஸ் கிடைக்கும். வலிய எஞ்சினைப் பொருத்தினாலோ அடிச்சட்டத்தை வெட்டினாலோ அது அந்த வகைக்குள் அடங்காது. அந்தக் காரைத் தனியாகப் பரிசோதித்து ஏற்கும் நடைமுறைக்கு உட்படுத்த வேண்டும். அது நீண்டது, செலவு மிக்கது. அதைச் செய்யாமல் தெருவுக்கு வந்து ஒருவர் மேல் மோதினால், காப்புறுதி நிறுவனம் கொடுத்த இழப்பீட்டை உங்களிடமே திரும்பக் கேட்கலாம். பொக்ஸ் வாடகை ஒப்பந்தத்தையும் கட்டட ஒழுங்குவிதிகளையும் ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் வாகனம் நிறுத்த மட்டுமே என்றும், எரிபொருள் சேமிக்கக் கூடாது என்றும் எழுதப்பட்டிருக்கும்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மயங்கிக் கிடப்பவரைக் கண்டால், உடனே ஓடிப்போய் அவர் அருகில் குனியாதீர்கள். முதலில் கதவை முழுவதும் திறந்து, எஞ்சினை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு அவரை வெளியே இழுத்து வாருங்கள். காப்பாற்றப் போனவரும் அருகிலேயே விழுவது இவ்வகை விபத்தின் கொடுமை. பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது தீயைப் பரப்பும். நிலத்தடித் தரிப்பிடங்களில் சரிவுப் பாதையருகே மண் நிறைந்த பெட்டியும் அகப்பையும் இருக்கும். தீயணைப்பான்களும் இருக்கும். அவை எங்கே உள்ளன என்று இன்றே பார்த்து வையுங்கள். முதல் முயற்சியில் அணையாவிட்டால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். கார் போனால் போகட்டும். தீக்காயத்துக்குக் குளிர்ந்த குழாய் நீரைக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, மஞ்சள், நல்லெண்ணெய் எதுவும் பூசாதீர்கள். கண்ணில் இரும்புத் துகள் பட்டால் கசக்காமல், பன்னிரண்டாம் வட்டாரத்தின் ஷறொந்தோன் தெருவிலுள்ள கான்ஸ் வான் கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும்.

அழைக்க வேண்டிய எண்கள் தீயணைப்புப் படைக்கு 18, மருத்துவ உதவிக்கு 15, எந்த நாட்டுத் தொலைபேசியிலும் 112. பேச முடியாதோரும் காது கேளாதோரும் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இங்கே வெளிப்படையாக ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. நம் பொக்ஸ்களில் கைக்கு உதவியாக வருபவர், பல வேளைகளில் அண்மையில் வந்து சேர்ந்த ஓர் இளைஞர். அவரிடம் விசாப் பத்திரம் இராது. அடிபட்டால், 'பொம்பியே வந்தால் பொலிசும் வரும்' என்று அஞ்சி, வேறொருவரின் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கையோ ஓர் உயிரோ போய்விடும். தீயணைப்புப் படையினரும் மருத்துவ உதவிப் பிரிவினரும் உயிர்காக்க வருபவர்கள். பத்திரம் பார்ப்பது அவர்களின் வேலை இல்லை. ரூ அம்புறுவாஸ் பாறேயில் உள்ள லரிபுவாசியே மருத்துவமனையின் அவசரப் பிரிவும் பத்திரம் இல்லையென்று எவரையும் திருப்பி அனுப்பாது. அவர் கூலிக்கு வேலை செய்தவரானால், பதிவு செய்யப்படாத வேலையாயினும், பத்திரம் இல்லாதவராயினும், வேலை விபத்துக்குரிய பாதுகாப்பு அவருக்குச் சட்டப்படி உண்டு. வேலை கொடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அவர் அறிவிக்காவிட்டால், அடிபட்டவர் தாமே இரண்டு ஆண்டுக்குள் சுகாதாரக் காப்புறுதி நிதியத்துக்கு அறிவிக்கலாம். வேலை கொடுத்தவருக்கு அதனால் செலவு வரும் என்பது உண்மைதான். அந்தச் செலவை மிச்சம்பிடிக்க ஓர் இளைஞனின் உயிரோடு விளையாட எவருக்கும் உரிமை இல்லை.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவர் பொக்ஸுக்குப் போகிறார் என்றால், அதன் முகவரியை, தளத்தின் எண்ணோடும் பொக்ஸின் எண்ணோடும், எழுதி வாங்கி வையுங்கள். நிலத்தின் கீழ் இரண்டாம் தளத்தில் கைத்தொலைபேசி வேலை செய்வதில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு வைத்து, அந்த நேரம் தாண்டினால் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். அதே முகவரியைப் பெரிய எழுத்தில், பிரெஞ்சு மொழியில், பொக்ஸ் கதவின் உட்புறத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் நிற்பவருக்குத் தெருப்பெயர் நாவில் வராது.

கழிவெண்ணெயையும் பழைய பற்றரியையும் எங்கே கொடுப்பது என்று வாசலில் ஒருவர் கேட்டார். அவற்றை வடிகாலில் விடக் கூடாது. போர்த் த லா ஷப்பல் அவென்யூவில் உள்ள மாநகரக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் குடியிருப்பாளர்கள் கட்டணமின்றிக் கொடுக்கலாம். முகவரியைக் காட்டும் ஒரு கடிதத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். பற்றரியைப் புதியது வாங்கும் கடையிலும் திரும்பக் கொடுக்கலாம். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். தாங்கிகள் இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன், வேண்டியவர்கள் அருகில் வந்து பாருங்கள்.